பூ கேட்டுப் போன காஷ்மீர்

லீவுக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருப்பக்கம் போய்விடுவேன். கிழவனுக்கு ஊர் சுற்றப் பிடிக்காது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும். ஊர் சுற்ற எனக்குப் பிடிக்கும். எந்த ஊர் என்று முடிவு பண்ணுகிற பேச்சுதான் ஆகாது. அதை நான் ஒரு தடவை பண்ணின லட்சணம் எனக்கல்லவா தெரியும்!

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் வகையறாவில் நெசவுத் தறிக்குழியை விட்டு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் கொஞ்சநஞ்சம் இல்லை. கஞ்சி போடாத சட்டையோடு கடைத்தெருவுக்குக்கூடப் போக மாட்டேன். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டு பறக்கும்.

எங்களுக்கு எல்.டி.சி. என்று ஒரு சலுகை உண்டு. நாலு வருஷத்துக்கு ஒரு முறை, குடும்பத்தோடு இந்தியாவுக்குள் எந்த மூலைக்குப் போய்வந்தாலும் ரயில் சார்ஜை சர்க்காரே கொடுத்துவிடும். எங்கள் ஹெட் கிளார்க் அதில் டெல்லி, ஆக்ரா போய்வந்தார். போய்வந்தவர் சும்மா இருந்தாரா? தாஜ்மகாலின் உச்சியை ரெண்டு விரலால் கிள்ளித் தூக்குகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். மனு கொடுக்க சாலவாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவன்கூட மனுவை மறந்துவிட்டு, "ஐயா, இது மெய்யாலுமே நீங்களா?" என்று கேட்பான். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு டெல்லி ரயில் கிளம்புகிற இடத்திலிருந்து ஆரம்பிப்பார். பக்கத்து மேஜையில் எனக்கு வயிறு பற்றி எரியும். என் முறை வந்தபோது நான் முடிவு பண்ணிவிட்டேன். இந்த ஆள் ஆக்ராதானே போனார், நான் காஷ்மீர் போகிறேன்.

என் வீட்டுக்காரி அப்படி நினைக்கவில்லை. அவளுக்கு ஒரே ஓர் அக்கா. தாயில்லாப் பெண்ணை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கல்யாணம் ஆகி, புருஷனுக்கு வடக்கே பிலாயில் இரும்பு ஆலை வேலை என்று அந்தப் பக்கம் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. நடுவில் ஒரே தடவை, அப்பன் செத்தபோது வந்தாள். மற்றதெல்லாம் கடிதாசுதான். அவளுக்கு எழுதப் படிக்க வராது, என் மனைவிக்கும் வராது. அங்கே புருஷன் எழுதுவான், இங்கே நான் படித்துக் காட்டுவேன். ரெண்டு பொம்பளைகளின் பாசம் ரெண்டு ஆம்பளைகளின் கையெழுத்தில் போய் வந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் மாசி மாசம் வந்த கடிதாசில், வயிற்றில் கட்டி என்று எழுதியிருந்தது. 'பயப்படும்படி இல்லை. ஆனால் அவளுக்கு உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறதாம். ஒரு நடை வந்துவிட்டுப் போகவும்.' நான் படித்து முடித்ததும் இவள் என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னாங்க, நம்முளுக்கு ஒரு லீவு வருதுன்னு சொன்னீங்களே. அதுல பிலாய்க்குப் போலாமா?"

"பிலாய்ல இன்னா கீது? இரும்பும் பொகையும். லீவுல போயி பாக்கற ஊரா அது?"

"எங்கக்கா கீறா."

இதற்கு மேல் என்ன பதில் வேண்டும் ஒரு மனுஷனுக்கு? எனக்குப் போதவில்லை. "அதான் பயப்பட வேணாம்னு எழுதியிருக்காங்களே, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றேன். அடுத்த வாட்டி என்றால் நாலு வருஷம்.  அதற்குப் பிறகு ஒரு மாசம் வீட்டில் எதற்கெடுத்தாலும் "ஊம்", "உஹூம்" அவ்வளவுதான். நாஷ்டா தட்டை வைக்கிற சத்தத்திலேயே பிலாய் கேட்கும். எனக்கு பேஜாராகிவிட்டது. ஆபீசில் வேறு, எந்த ஊர் என்று மாசக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

கடைசியில் அவளே சொன்னாள். "நீங்க ஒண்ணு சொல்றீங்க, நா ஒண்ணு சொல்றேன். அம்மன்கிட்ட பூ போட்டுப் பாத்துடலாம். வர்றது வரட்டும்."

எங்கள் பக்கத்தில் முடிவுக்கு வராத விஷயம் எதுவானாலும் இதுதான் வழி. பெண் கேட்கப் போகலாமா, கிணறு எந்த மூலையில் தோண்டலாம், எல்லாத்துக்கும். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. ரெண்டையும் தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து, வாழைநாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் அறியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் அம்மனையே சந்தேகப்பட்ட மாதிரி. அப்படியே கொண்டுபோய்க் கோயில் குளத்தில் போட்டுவிடுவார்கள். கட்டுகிறவர் வீட்டுத் தலைவர். குளித்து, ஈர வேட்டியோடு, தனியாக இருந்து கட்ட வேண்டும்.

வீட்டுத் தலைவர் யார்? ஐயாதான்.

வெள்ளை வந்தால் பிலாய், சிவப்பு வந்தால் காஷ்மீர் என்று வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுப் பின்பக்கம் போனேன். ஒரு நந்தியாவட்டை பறித்தேன். ஒரு செவ்வரளி பறித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் என் மனசில் கள்ளம் இல்லை. இலையை விரித்து வெள்ளையை வைக்கப் போனபோதுதான் ஹெட் கிளார்க்கின் ரெண்டு விரலும் கண் முன்னால் வந்தது. என் கை தானாகப் போய் இன்னொரு செவ்வரளியைப் பறித்தது. கை தானாகப் போனதாம்! பார், இன்றைக்கும் கை மேல்தான் பழி போடுகிறேன். நான்தான் பறித்தேன். நான்தான் கட்டினேன். ரெண்டிலும் சிவப்பு.

மிச்சமிருந்த நந்தியாவட்டையைக் கிணற்றில் போட்டேன். அது மூழ்குமா? மிதந்தது. மேலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிந்தது. அவள் தண்ணீர் சேந்த வந்தால் என்ன ஆகும் என்று பயந்து, வாளியைப் போட்டுப் போட்டு இழுத்தேன். வாளி கிட்டே போனாலே அலையில் பூ தள்ளிப் போனது. நாலைந்து தடவைக்குப் பிறகு அகப்பட்டது. வாழை மரத்தடியில் ஊற்றி, காலால் சேற்றில் அமுக்கினேன். ஈர வேட்டியோடு, நெற்றியில் விபூதியோடு, ஒரு பூவை மிதித்துக்கொண்டு நின்றேன். தூ! என்ன பிழைப்பு!

எங்களுக்கு ஒரே மகள், அப்போது ஏழு வயசு. அவள்தான் எடுக்கிறவள். தெருக்கோடி அம்மன் கோயிலில் பூசாரி கற்பூரம் காட்டினார். "எடு கண்ணு" என்றார். குழந்தை ரொம்ப நேரம் யோசித்தது. இதற்கு நீட்டும், அதற்கு நீட்டும். என் மனைவி கண்ணை மூடி நின்றாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. குழந்தை இடது பக்கப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார்.

"செவப்பு."

மனைவி கண்ணைத் திறந்து பார்த்தாள். பிறகு அந்த அரளியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தலையில் வைத்துக்கொண்டாள். "அம்மன் உத்தரவு" என்றாள். அவ்வளவுதான். குழந்தை என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "எது நைனா வந்துது? எங்க போறோம்?" என்று கேட்டது. "காஷ்மீர்!" என்றேன். "அப்போ பெரீம்மா வூட்டுக்கு?" என்று கேட்டுவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தது. நான் இன்னொரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வேகமாகக் குளத்துக்கு நடந்தேன்.

அன்று சாயங்காலம் பிலாய்க்குக் கடிதாசு. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'அக்கா, அம்மன்கிட்ட பூ போட்டுக் கேட்டோம். உத்தரவு கிடைக்கவில்லை. பாப்பாதான் எடுத்தாள். சிவப்பு வந்துவிட்டது. அடுத்த லீவுக்குக் கண்டிப்பாக வருகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.' என் பேனாவால், என் கையெழுத்தில். ஒரு எழுத்து பிசகவில்லை.

காஷ்மீர் போனோம். சென்ட்ரலில் டெல்லி ரயில் ஏறினோம். மறுநாள் நாக்பூரில் வண்டி நின்றது. எங்கள் பெட்டியில் ஆரஞ்சு வாங்க எல்லாரும் இறங்கினார்கள். இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்ற இன்னொரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கேந்துதானே பிலாய்க்குப் பிரிஞ்சி போவணும்? மச்சான் ஒரு வாட்டி எழுதியிருந்தாரு."

"ஆமா."

"எவ்ளோ தூரம் இருக்கும்?"

"ரொம்ப தூரம்" என்றேன். அஞ்சாறு மணி நேரத்து ஓட்டம். எனக்குத் தெரியும், ஆபீசில் ரயில்வே கைடு பார்த்திருந்தேன். அவள் தலையாட்டிவிட்டு ஆரஞ்சு ஒன்றை உரித்துக் குழந்தைக்குக் கொடுத்தாள். வண்டி நகர்ந்தது.

காஷ்மீரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. குளிர் இருந்தது. ஏரி இருந்தது. அங்கத்திய உடுப்பை வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு மூணு பேரும் படகுக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டோம். அதில் அவள் கண்ணை மூடியிருந்தாள். போட்டோக்காரன் இன்னொன்று எடுக்கலாம் என்றான். "பரவால்ல, எம்மூஞ்சியை யார் பாக்கப்போறா" என்றாள். எனக்கும் என் மூஞ்சி நன்றாக விழுந்திருந்தால் போதும்.

வந்ததும் சட்டம் போட்டு ஆபீஸ் மேஜையில் நிறுத்தினேன். மனு கொடுக்க வந்தவர்கள் இப்போது என் மேஜைக்கு வந்தார்கள். ஹெட் கிளார்க் வெற்றிலையை மென்றுகொண்டே, "அடேங்கப்பா, குங்குமப்பூ வாங்கினு வந்தியா?" என்றார். மூணு மாசம் நான் தரையில் நடக்கவில்லை.

நாலாவது மாசம் தந்தி வந்தது. அக்கா செத்துவிட்டாள். நாங்கள் கிளம்பிப் போய்ச் சேரும்வரை வைத்திருக்க மாட்டார்கள் என்று அதிலேயே இருந்தது. இவள் சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "எந்தாயே, ஒரு வாட்டி உம்மூஞ்சியப் பாக்க அம்மன் உடலியே" என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மன் விடவில்லையாம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதே காலில் விழுந்திருக்கலாம். விழவில்லை. மறுநாள் ஆபீஸ் போனதும் போட்டோவை எடுத்து டிராயருக்குள் கவிழ்த்து வைத்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

அதற்குப் பிறகு என் மகளிடம் ஒரு மாற்றம் வந்தது. எதையும் எடுக்க மாட்டாள். வளையல் கடையில் பச்சையா நீலமா என்றால், "நீங்களே எடுங்க" என்பாள். தட்டில் நாலு முறுக்கு வைத்தால் யாராவது ஒன்று எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். எனக்குப் பெருமை வேறு. "எம்பொண்ணு மாதிரி அடக்கமான பொண்ணு கெடையாது, குடுத்ததை வாங்கிக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முட்டாள். அடிமுட்டாள்.

நாலு வருஷம் ஓடியது. அடுத்த எல்.டி.சி. வந்தது. இந்தத் தடவை நானே போய் அவளிடம் கேட்டேன். "எங்க போலாம் சொல்லு. நீ சொல்ற எடத்துக்கு."

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "பிலாய்க்கே போலாங்க. மச்சான் வேற ஊருக்கு மாத்தினு போய்ட்டாரு. இருந்தாலும், அவ பொழங்குன வூட்டையாவது ஒரு வாட்டி பாத்துட்டு வரேன்."

"போலாம். நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன்."

"இருங்க. போன வாட்டி அம்மன் வேணாம்னு சொன்னா. கேக்காம போவக் கூடாது. பூ போட்டுக் கேட்டுட்டு, வெள்ளை வந்தா போலாம்."

 சிவப்பு வந்துவிட்டால்? ஜென்மத்துக்கும் அவள் அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். அதனால் இந்தத் தடவையும் நான் ஒரு காரியம் பண்ணினேன். ரெண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். பாவத்துக்குப் பரிகாரம் பண்ணுகிறேன் என்று நினைப்பு. திருட்டுக் கை திருட்டுத்தனமாகத்தானே பரிகாரமும் பண்ணும்?

அதே கோயில், அதே பூசாரி. மகளுக்கு இப்போது பதினோரு வயசு. பூசாரி, "எடும்மா" என்றார்.

அவள் ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எடு கண்ணு" என்றாள் அம்மா.

"மாட்டேன்."

"ஏய், கற்பூரம் அணையறதுக்குள்ள எடுடி" என்று நான் அதட்டினேன். அவள் முகம் கோணிக்கொண்டது. பின்பக்கமாகவே நகர்ந்து தூணில் முட்டிக்கொண்டு நின்றாள். விசும்பலுக்கு நடுவில் வந்தது அந்த வார்த்தை.

"நா எடுத்தா தப்பாத்தான் வரும் நைனா. போன வாட்டி அந்தாண்ட கீறதை எடுத்திருந்தா பெரீம்மாவப் பாத்திருக்கலாம். நாந்தான் இதை எடுத்துட்டேன். என் கையி ராசியில்லாத கையி."

நாலு வருஷம். ஏழு வயசிலிருந்து பதினொன்று வரைக்கும், ஒரு சாவைத் தன் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டில் ஒரு குழந்தை சோறு தின்று, பள்ளிக்கூடம் போய், தூங்கி எழுந்திருக்கிறது. அதைத்தான் நான் அடக்கம் என்று ஊரெல்லாம் பீற்றினேன்.  அவளைச் சமாதானப்படுத்த வேண்டும், அது ஒன்றுதான் அந்த நேரத்தில் புத்தியில் இருந்தது. குனிந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அழாதடி. பயப்படாம எடு. எதை எடுத்தாலும் வெள்ளைதான்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது.

பூசாரி கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. பொட்டலங்களைப் பார்த்தாள். குனிந்து ஒன்றை எடுத்து நாரைப் பிரித்தாள். வெள்ளை. இன்னொன்றைப் பிரித்தாள். பிரிக்கவே கூடாத அதையும் பிரித்தாள். வெள்ளை.

"அப்போ போன வாட்டி?" என்றாள்.

நான் கற்பூரத் தட்டைப் பார்த்தேன். 

"ரெண்டுமே செவப்பா?"

தலையைக் குனிந்தேன். ஊரே பார்க்க நாலு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மகளிடம் போனாள். பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உன் கையி மேல ஒண்ணும் தப்பில்ல கண்ணு. கட்டுனவங்க கட்டுனதுதானே எடுக்கற கைக்கு வரும்" என்றாள்.

வீட்டில் சண்டை ஒன்றும் வரவில்லை. வேளாவேளைக்குச் சோறு வந்தது. உப்பு, காரம் எல்லாம் சரியாக இருந்தது. "பிலாய்க்கு எழுதிக் குடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. நாக்பூரில் இறங்கி வேறு வண்டிக்கு மாறினோம். அங்கிருந்து போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆனது என்பதை அவள் கேட்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வரிசையாக வந்துபோன ஸ்டேஷன்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அக்கா இருந்த குவார்ட்டர்ஸில் பாஷை தெரியாத வேறு குடும்பம் இருந்தது. பக்கத்து வீட்டில் அரக்கோணத்துப் பக்கத்து அம்மாள் ஒருத்தி. நாங்கள் யார் என்று தெரிந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைத்தாள். அம்மாவும் மகளும் உள்ளே உட்கார்ந்தார்கள். நான் வாசல்படியிலேயே நின்றேன். பக்கத்து வீட்டு அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினாள்.

"நீ வருவேன்னு எங்கூட்டுக் கட்டிலைக்கூட வாங்கிப் போட்டு வெச்சிருந்தாம்மா உங்கக்கா. அப்போதான் உங்க கடுதாசி வந்துது. ஆபரேசனுக்கு நாள் குடுத்திருந்தாங்க. போவ மாட்டேன்னுட்டா. 'அம்மனே உத்தரவு குடுக்கல, அப்பால நா பொழைச்சி எழுந்துக்க மாட்டேன்'னு படுத்துக்கினா. நாங்கெல்லாம் சொல்லிச் சொல்லி, ரெண்டு மாசம் கழிச்சித்தான் கூட்டினு போனாங்க. லேட்டாயிடுச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "மெய்யாலுமே செவப்புதான் வந்துதாம்மா?"

 இதோ இவள் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லட்டும், சொல்லித் தொலைக்கட்டும் என்றுதான் இருந்தது.

என் மனைவி டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"ஆமாக்கா," என்றாள். "செவப்புதான் வந்துது."

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். செருப்பு என் காலிலேயே இருந்தது.